திரைச்சீலை லைனிங்: நான்கு அறைக்கும் ஒரே பிளாக்அவுட் போதுமா?

ஜன்னலோரம் (கேள்வி):

வணக்கம். வீட்டில் நான்கு அறைகளுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்கப்போகிறோம். மேல்துணி எல்லாம் எடுத்தாகிவிட்டது. லைனிங் எது போடுவது என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

படுக்கையறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. விடிந்ததும் வெயில் நேராகக் கட்டிலில் விழும். மேல்துணி வெளிர் சாம்பல் நிறக் காட்டன். நல்ல இருட்டு வேண்டும்.

வரவேற்பறை மேற்குப் பார்த்தது. கண்ணாடி ஜன்னல் 180 செ.மீ. அகலம். ராடு 220 செ.மீ. வைக்கலாம் என்று நினைக்கிறோம். ஹூக் மாட்டும் இடத்திலிருந்து தரை வரை 230 செ.மீ. துணி வெற்றுப் பச்சைப் பட்டு, மெல்லியது.

குழந்தைகள் அறைக்கு நேர் வெயில் இல்லை, ஆனால் பகலிலும் தூங்குவார்கள். பூப்போட்ட பாலி-காட்டன். அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

சமையலறையில் சின்ன ஜன்னல், அடுப்புக்குப் பக்கவாட்டுச் சுவரில். வெள்ளை லினன்.

தைப்பவர் நான்குக்குமே த்ரீ பாஸ் பிளாக்அவுட் வாங்கிவிடுங்கள், ஒரே ரோலில் வேலை முடிந்துவிடும் என்கிறார். அப்படிச் செய்யலாமா? லைனிங்கைச் சேர்த்தே தைப்பதா, கழற்றுகிற மாதிரி வைப்பதா? வரவேற்பறைக்கு எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

தையல்மேசை:

ஒரே ரோல் வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கில் த்ரீ பாஸ் சரியாகப் பொருந்துவது படுக்கையறைக்கு மட்டும்தான். அந்தத் துணி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். நெசவுத் துணியின் ஒரு பக்கத்தில் நுரைப்பூச்சை மூன்று தடவை ஏற்றுகிறார்கள்: முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு, அதன்மேல் மறுபடி வெள்ளை. ஒளியை நிறுத்துவது நடுவில் இருக்கும் கறுப்பு. இரண்டு வெள்ளையும் அந்தக் கறுப்பு வெளியே தெரியாமல் இருக்கத்தான். ஆக இருட்டைத் தருவது பூச்சு, நெசவு அல்ல. பூச்சு வெடிக்காமல், உரியாமல், துளை விழாமல் இருக்கும் வரைதான் இருட்டு. மெஷினில் போட்டு முறுக்கிப் பிழிந்தாலோ, சூடான இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டாலோ, மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கோடாக வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும்.

படுக்கையறைச் சீலையை அடிக்கடி துவைக்கப்போவதில்லை, அதனால் அங்கே இது தாங்கும். பூச்சுள்ள பக்கம் உள்ளே, மேல்துணியின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும்; நெசவுப் பக்கம் ஜன்னலைப் பார்க்கட்டும். உரசலும் நேர் வெயிலும் பூச்சின் மேல் படாமல் இருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது மேல்துணி. அது காட்டன். தண்ணீர் பட்டால் சுருங்கும், பிளாக்அவுட் அந்த அளவுக்குச் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்து, பிறகு ஒருநாள் நனைத்தால், மேல்துணி மேலே ஏறி லைனிங் கீழே பை போலத் தொங்கும். வெட்டுவதற்கு முன் சோதித்துவிடுங்கள்: 50 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி, அதற்குள் 40 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, வழக்கமாகத் துவைக்கிற மாதிரியே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். வெட்டு விளிம்பில் நூல் பிரியும், அதனால்தான் உள்கோடு. 40 என்பது 38.8 ஆகியிருந்தால் 3 சதவீதச் சுருக்கம். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் 230 செ.மீ. உயரச் சீலையில் அது கிட்டத்தட்ட 7 செ.மீ. அவ்வளவு வந்தால் காட்டன் முழுவதையும் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

குழந்தைகள் அறைக்கு டிம்அவுட் என்று கேட்டு வாங்குங்கள். இதில் பூச்சு கிடையாது. நெசவின் நடுவில் கறுப்பு நூல் ஓட, இரண்டு பக்கமும் வெளிர் நூல் அதை மூடியிருக்கும். முழு இருட்டு வராது, மங்கலான அந்தி வெளிச்சம் அளவுக்கு அறை அடங்கும். பகல் தூக்கத்துக்கு அது போதும். மென்மையாகத் தொங்கும், துவைக்கலாம். இந்த அறைக்கு மட்டும் லைனிங் தனியாகக் கழற்றும்படி இருக்கட்டும். அதற்கென்று லைனிங் டேப் உண்டு. அதன் கீழ்ப்பகுதி இரண்டு இதழாகப் பிரிந்திருக்கும். லைனிங்கின் மேல்விளிம்பை மடிக்காமல் அந்த இரண்டு இதழுக்கும் நடுவில் செருகித் தைத்தால் போதும். ஹூக்கை லைனிங் டேப்பின் துளையில் நுழைத்து, அதே ஹூக்கை மேல்சீலையின் டேப்பிலும் மாட்டினால் இரண்டும் ஒரே ரன்னரில் ஓடும். கழற்றும் லைனிங்குக்கு மேல்சீலை அளவுக்குச் சுருக்கம் தேவையில்லை, ஒன்றரை மடங்கு அகலம் போதும். அதற்கு மேல் வைத்தால் சீலையை ஒதுக்கும்போது பின்னால் திணிந்து நிற்கும். பக்க விளிம்பில் 40 செ.மீ.க்கு ஒரு பிரஸ் பட்டன் வையுங்கள், இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது லைனிங் வெளியே எட்டிப் பார்க்கும். டேப்பில் சுருக்கம் இழுத்த கயிற்றின் நுனியை முடிச்சிட்டு உள்ளே செருகி, ஒரு தையல் போட்டுவிடுங்கள். குழந்தைகள் அறையில் தொங்குகிற கயிறு எதுவும் கூடாது.

வரவேற்பறைப் பட்டுக்கு லைனிங் இல்லாமல் தைக்கவே கூடாது. வெயில் பட்டால் பட்டு வெளுப்பது மட்டுமல்ல, இழையே நைந்து, விரல் பட்டாலே கிழிகிற நிலைக்கு வந்துவிடும். மேற்கு ஜன்னலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதற்குக் காட்டன் சாட்டின் லைனிங் போடுங்கள். மெல்லிய பட்டு என்பதால் நடுவில் ஒரு இடைத்துணி, டோமெட் என்று கேட்டால் கிடைக்கும் பஞ்சுபோன்ற மெல்லிய துணி, வைத்தால் பிளீட் உருண்டு திரண்டு அழகாக நிற்கும். விறைப்பான த்ரீ பாஸைப் பட்டின் பின்னால் வைத்தால் பட்டின் விழுகை போய்விடும், அட்டையில் ஒட்டிய மாதிரிதான் நிற்கும். இதைச் சேர்த்தே தைக்க வேண்டும், கழற்றும் வகை வேண்டாம்.

சமையலறைக்கு லைனிங்கே வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் ஏறும் இடத்தில் இரண்டு அடுக்கு என்றால் அழுக்கும் இரண்டு அடுக்கு. லினன் ஒற்றையாக இருந்தால்தான் அதன் இழை வெளிச்சத்தில் தெரியும். ஜன்னல் திட்டு வரைக்கும் மட்டும் நீளம் வைத்து, தீ எட்டாத தூரத்தில் இருக்கிறதா, காற்றில் பறந்தால் அடுப்புப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுநாடா:

மீட்டர் கணக்கை நான் சொல்கிறேன். துணி, லைனிங் இரண்டும் 137 செ.மீ. பன்னா (ரோலில் துணியின் அகலம்) என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறானால் அந்த எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ராடு 220, சீலை இரண்டு, ஆக ஒன்றுக்கு 110. மூடும்போது நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏற 5 சேர்த்தால் 115. இரண்டு மடங்கு சுருக்கத்துக்கு 230. ராடின் கோடியிலிருந்து சுவருக்குத் திரும்புகிற பகுதிக்கு 8, சுருக்கம் இல்லாமல். 238. பக்க மடிப்பு ஐந்தைந்து, 248. இரண்டு பன்னாவை இணைக்கும் தையலுக்கு 3. மொத்தம் 251. இரண்டு பன்னா 274 வரும், எனவே சீலைக்கு இரண்டு, ஜோடிக்கு நான்கு. மிச்சமுள்ள 23 செ.மீ.யை வெட்டி எறியாதீர்கள், சுருக்கத்தோடு போகட்டும்; மெல்லிய பட்டுக்கு 2.2 மடங்கு இன்னும் நன்றாகவே இருக்கும்.

உயரம்: தரையில் உரசாமல் 1 செ.மீ. தூக்கி நிற்க, முடித்த நீளம் 229. கீழே 10 செ.மீ. இரட்டை மடிப்பு, அதற்கு 20. மேலே 8. ஒரு வெட்டு 257. நான்குக்கு 10.28 மீட்டர், 10.5 வாங்குங்கள்.

லைனிங் மேல்துணியைவிட 2.5 செ.மீ. மேலே முடிய வேண்டும், இல்லாவிட்டால் கீழே எட்டிப் பார்க்கும். அதற்கு 5 செ.மீ. இரட்டை மடிப்பு போதும். மேலே மேல்துணியின் 8 செ.மீ. மடிப்புக்குள் போய்விடுவதால் தனி மடிப்பு தேவையில்லை. 229 – 2.5 + 10 = 236.5. வெட்டும்போது 240 வைத்து, பிறகு ஒட்ட வெட்டிக்கொள்ளலாம். நான்குக்கு 9.6 மீட்டர். காட்டன் லைனிங்கை நனைத்துத்தான் வெட்ட வேண்டும், 5 சதவீதம் சுருங்கினாலும் ஈடுகட்ட 10.1 வேண்டும். எனவே 10.5. டோமெட்டுக்கு மடிப்பே கிடையாது, முடித்த நீளம்தான். 9.5 வாங்கினால் போதும். அதை இணைக்கும்போது இரண்டு விளிம்பையும் 1 செ.மீ. ஏற்றி வைத்துத் தட்டையாக ஜிக்ஜாக் போடச் சொல்லுங்கள். சாதாரண இணைப்புத் தையல் போட்டால் அந்தத் தடிப்பு பட்டின் முன்பக்கம் கோடாகத் தெரியும்.

280 செ.மீ. பெரிய பன்னா லைனிங் கிடைத்தால் இன்னும் சுலபம். ஒரு சீலைக்கு ஒரே துண்டு, இணைப்பே இல்லை. 2.4 மீட்டரில் இரண்டு வெட்டு, 4.8 மீட்டர். நனைக்க ஈடு சேர்த்து 5.25.

குழந்தைகள் அறைத் துணியில் பூ இருக்கிறது என்றீர்கள். அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒரே பூ திரும்ப வருகிற இடைவெளியை அளந்து, ஒவ்வொரு வெட்டையும் அதன் மடங்குக்கு உயர்த்த வேண்டும். இடைவெளி 64 செ.மீ., வெட்டு 257 என்றால், நான்கு முறை வைத்தால் 256தான், ஒரு சென்டிமீட்டர் பற்றவில்லை. எனவே ஐந்து முறை, 320. நான்கு வெட்டுக்கு 12.8 மீட்டர். இந்த இடத்தில் கீழ் மடிப்பை ஒரு செ.மீ. குறைத்து 256-க்குள் அடக்கினால் இரண்டரை மீட்டர் மிச்சமாகும். அதனால் இடைவெளியை அளக்காமல் துணியை வெட்டச் சொல்லாதீர்கள்.

எடையும் பாருங்கள். ரோலில் ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. 250 ஜிஎஸ்எம் மேல்துணி, 300 ஜிஎஸ்எம் பிளாக்அவுட் என்றால், 2.74 மீட்டர் அகலத்தில் வெட்டிய ஒரு சீலையே மூன்றே முக்கால் கிலோ வரும். ஜோடி ஏழரை. 220 செ.மீ. ராடுக்கு நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம். ஜோடிச் சீலை நடுவில்தான் பிரிகிறது என்பதால் அது ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. ராடு வளைந்துவிட்டால் சீலையின் நடுவிளிம்பு தரையில் இழுபடும், அதைத் தையலில் சரிசெய்ய முடியாது.

பாவும்ஊடையும்:

தையல்மேசை சொன்னதில் வரவேற்பறை பற்றி மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து. மேற்கு வெயிலுக்குக் காட்டன் சாட்டினும் டோமெட்டும் பட்டைக் காக்கும் என்று விட்டுவிட முடியாது. லைனிங் இருந்தும் பட்டு முதலில் எங்கே போகிறது என்று பார்த்தால், நடுவிளிம்பில்தான். சீலை பகல் முழுக்கத் திறந்து ஓரமாக ஒதுங்கியிருக்கும். அப்போது வெயில் படுவது கண்ணாடியை ஒட்டி நிற்கும் அந்த ஒரு விளிம்பில். தைக்கும்போது மேல்துணியைப் பின்பக்கம் 4, 5 செ.மீ. மடித்து, லைனிங்கை உள்ளே தள்ளி வைப்பது வழக்கம். அந்த 4 செ.மீ. பட்டுக்குப் பின்னால் எந்தக் காப்பும் இல்லை. வெளுப்பும் கிழிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும், மற்ற இடமெல்லாம் புதுசாகவே இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நடுவிளிம்பில் மட்டும் லைனிங்கை விளிம்பிலிருந்து 1 செ.மீ. வரை கொண்டுவந்து தைக்கச் சொல்வது. முன்பக்கம் எதுவும் மாறாது. இரண்டாவது, எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது: கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவில் இரண்டாவது ராடு ஒன்று வைத்து, மெல்லிய வெள்ளை வாயில் (voile, வெளிச்சம் ஊடுருவும் மென்துணி) சீலை போடுவது. பகலில் அதை இழுத்துவிட்டால் வெயிலின் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். அது கெட்டால் மாற்றுவது சுலபம், பட்டை மாற்றுவது அப்படி அல்ல. வெயில் கடுமையான நேரத்தில் பட்டை மூடித்தான் ஆக வேண்டும் என்றால், சாட்டினுக்குப் பதில் டிம்அவுட்டையே லைனிங்காகப் போடலாம். விழுகையில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் ஒளி பட்டின் பின்பக்கம் போய்ச் சேருவது வெகுவாகக் குறையும். இரண்டு சீலையும் ஒரே அளவாக, இரு பக்க விளிம்பும் ஒரே மாதிரி தைக்கப்பட்டிருந்தால், அவ்வப்போது இடதை வலதாக மாற்றி மாட்டுங்கள். சுவர்ப்பக்கம் இருந்த விளிம்பு நடுவுக்கு வந்துவிடும், தேய்மானம் இரண்டு விளிம்புக்கும் பங்கு ஆகும்.

வெப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. தெர்மல் லைனிங் (வெப்பம் கடப்பதைக் குறைக்கும் வகை) போட்டால் மேற்கு அறை குளிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் சீலை அதைத் தடுக்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். வெளியே ஒரு மறைப்பு செய்யும் வேலையை உள்ளே எந்த லைனிங்கும் செய்யாது. ஆனால் ஜன்னலைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் ஒளி வந்த வழியே திரும்பிப் போகும். கறுப்பு அல்லது அடர்நிறமாக இருந்தால் சீலையே சூடேறி, கண்ணாடிக்கும் சீலைக்கும் நடுவிலுள்ள காற்றைக் கொதிக்க வைக்கும். எனவே லைனிங் வெள்ளை அல்லது தந்த நிறம். கண்ணாடிக்கும் சீலைக்கும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். நிறம் ஏற்றிய கண்ணாடி அல்லது கம்பி வலை பதித்த கண்ணாடி என்றால் இது இன்னும் முக்கியம்: நடுப்பகுதி சூடேறி, சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பு சூடேறாமல் இருந்தால், அந்த வித்தியாசமே கண்ணாடியில் விரிசல் விழ வைக்கலாம்.

தையல்மேசை:

நடுவிளிம்பு விஷயம் முழுக்கச் சரி. வாயில் சீலை போட இடம் இருந்தால் அதைத்தான் நானும் சொல்வேன். டிம்அவுட்டை மட்டும் பட்டுக்கு ஏற்க மனம் வரவில்லை. வாங்குவதற்கு முன் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, கையில் பிளீட் மடித்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பட்டுக்குச் சாட்டினும் டோமெட்டும், உள்ளே வாயில் என்று முடிவு செய்கிறோம். சாட்டினில் மினுமினுப்பான பக்கம் எங்கே வர வேண்டும்? இன்னும் மூன்று சந்தேகம். தைப்பவர் பிளாக்அவுட்டுக்கு வழக்கமான ஊசியே போதும் என்கிறார், சரியா? பக்கத்து வீட்டில் பிளாக்அவுட் போட்டும் அறை இருட்டவில்லை, ஏன்? லைனிங் நிறம் மேல்துணியை மாற்றிக் காட்டுமா?

தையல்மேசை:

சாட்டினின் மினுமினுப்பான பக்கம் வெளியே, அதாவது ஜன்னலைப் பார்த்து. மங்கல் பக்கம் டோமெட்டை ஒட்டி.

ஊசி: வழக்கமான தடித்த ஊசி வேண்டாம். நெசவுத் துணியில் ஊசி இழைகளை ஒதுக்கிக்கொண்டு போகும், பிறகு இழை திரும்பக் கூடி மூடிக்கொள்ளும். பூச்சு அப்படி மூடாது. குத்திய துளை குத்தியபடியே நிற்கும். காலையில் கட்டிலில் படுத்துப் பார்த்தால் தையல் வரி முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னும். எனவே 70 அல்லது 80 எண் கூர்முனை ஊசி, புதியது. தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ., அப்போது துளைகளின் எண்ணிக்கையும் குறையும். தவறாகப் போட்ட தையலைப் பிரித்தால் துளை அங்கேயே இருக்கும் என்பதால், முதலில் ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். குண்டூசியும் கூடாது, விளிம்பில் கிளிப் போட்டுப் பிடிக்கலாம். சாதாரண இரும்புப் பாதம் பூச்சில் ஒட்டி இழுக்கும், தையல் சுருங்கும். டெஃப்லான் பாதம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். அது இல்லையென்றால் பூச்சின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம்.

நடுப்பகுதியில் இணைப்புத் தையலே வராதபடி 280 பன்னாவில் வாங்குவதுதான் படுக்கையறைக்கு எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு. துளை விழவே வழியில்லை. கீழ் மடிப்பு, பக்க மடிப்பில் விழும் துளைகளுக்குப் பின்னால் மேல்துணி இரண்டு மூன்று அடுக்காக இருப்பதால் பெரிதாகத் தெரியாது.

இஸ்திரி, மேல்துணிப் பக்கம் மட்டும், குறைந்த சூட்டில், நடுவில் ஒரு துணி போட்டு. துவைப்பதை லேபிளில் உள்ளபடி. லேபிள் இல்லாவிட்டால் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரை கிளீனிங் கரைசல் சில பூச்சுகளைப் பிய்த்துவிடும், கொடுப்பதற்கு முன் ஒரு வெட்டுத் துண்டைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்காகவே தைத்த மிச்சத்தை எடுத்து வையுங்கள்.

டோமெட் வைத்த பட்டுச் சீலை முழுவதையும் மெஷினில் முடிக்க முடியாது என்பதையும் தைப்பவரிடம் முன்பே பேசிவிடுங்கள். மூன்று அடுக்கையும் பெரிய மேசையில் விரித்து, 40 செ.மீ.க்கு ஒரு வரி என்று மேலிருந்து கீழாக, தளர்வான கைத்தையல் போட்டு ஒன்றோடொன்று பிடிக்க வேண்டும். தையல் பட்டின் ஒரே ஒரு இழையை மட்டும் எடுக்க வேண்டும், நூலை இறுக்கவே கூடாது. இறுக்கினால் முன்பக்கம் குழி விழும். இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் டோமெட் தன் எடைக்குக் கீழே இறங்கி, மடிப்புக்குள் உருண்டுவிடும். நேரம் பிடிக்கிற வேலை, தைப்பவர் அதற்குக் கூடுதலாகக் கேட்டால் நியாயம்தான்.

கண்ணாடிச்சட்டம்:

பிளாக்அவுட் போட்டும் இருட்டவில்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் துணியில் குறை இருக்காது. வெளிச்சம் துணி வழியாக வருவதில்லை, சுற்றி வருகிறது. பகலில் அறைக் கதவைச் சாத்தி, சீலையை மூடி, இரண்டு நிமிடம் கண் பழகட்டும். எங்கே கோடு தெரிகிறதோ அங்கேதான் வேலை.

மேலே தெரிந்தால், ராடு ஜன்னலுக்கு மிக அருகில் இருக்கிறது. 15, 20 செ.மீ. மேலே ஏற்றுங்கள், அல்லது ராடை மேலிருந்தும் முன்னிருந்தும் மூடுகிற பெல்மெட் வையுங்கள். ஐலெட் வளையம் போட்ட சீலை இதில் மோசம்: ஒவ்வொரு வளைவிலும் சுவருக்கும் துணிக்கும் நடுவே ஒரு குகை இருக்கும், வெளிச்சம் அதன் வழியே கூரைக்கு ஏறும். படுக்கையறைக்கு டேப், ஹூக், சுவரில் பொருத்தும் டிராக் என்பதுதான் சரி. பக்கத்தில் தெரிந்தால், ஜன்னலின் இரு பக்கமும் 20 செ.மீ. வரை சீலை தாண்ட வேண்டும், அதோடு கடைசி ஹூக் சுவரிலேயே மாட்ட வேண்டும். அளவுநாடா கணக்கில் 8 செ.மீ. திரும்புகிற பகுதி என்று சேர்த்தது இதற்குத்தான். ராடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வையுங்கள், 8 என்பது எல்லா பிராக்கெட்டுக்கும் பொருந்தாது. வாயிலுக்கும் சேர்த்து இரட்டை பிராக்கெட் போட்டால் வெளிச் சீலை இன்னும் தள்ளி வரும், 14, 15 கூட ஆகலாம். நடுவில் தெரிந்தால், இரண்டு சீலையும் 5 செ.மீ. ஏறி மூட வேண்டும். நடு விளிம்பின் மடிப்புக்குள் சின்ன காந்தம் வைத்துத் தைத்தால் அவை தாமே ஒட்டிக்கொள்ளும்.

இப்படி நன்றாக அடைத்த ஜன்னலில் வேறொரு தொல்லை வரும். குளிர்ந்த இரவுகளில் அறையின் சூடு கண்ணாடியை எட்டாது, கண்ணாடி சில்லிட்டுப் போகும், சீலைக்குப் பின்னால் நுழையும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகும். அந்த நீர் சட்டத்தில் வடிந்து லைனிங்கில் படும், சில வாரங்களில் கீழ்விளிம்பில் கறுப்புப் புள்ளி விழும். பூச்சுள்ள துணி ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் அதன் நெசவுப் பக்கமும் காட்டன் மேல்துணியும் உறிஞ்சும். காலையில் சீலையை முழுக்க ஒதுக்கிச் சட்டத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

குளிரைத் தடுக்க தெர்மல் போடுகிறவர்களுக்கும் மேல்பக்கம்தான் முக்கியம். மேலே திறந்திருந்தால் அறையின் சூடான காற்று சீலைக்குப் பின்னால் இறங்கி, கண்ணாடியில் குளிர்ந்து, கீழ்வழியாகத் தரையோடு வந்து காலைத் தொடும். எவ்வளவு தடித்த லைனிங் போட்டாலும் அந்தச் சுற்று நிற்காது. மேலே பெல்மெட் போட்டு மூடினால் நிற்கும்.

பாவும்ஊடையும்:

நிறம் பற்றிய கேள்விக்கு. மாற்றிக் காட்டும், குறிப்பாக வெளிர்த் துணியை. உங்கள் சாம்பல் காட்டனும் குழந்தைகள் அறைப் பூத்துணியும் பகல் வெளிச்சத்தில் வேறு, இரவு விளக்கில் வேறு. மேல்துணியையும் லைனிங்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடியுங்கள். லைனிங்கின் கீழ் ஓரத்தை இரட்டையாக மடித்துப் பிடியுங்கள். அந்த மடிப்பின் நிழல் முன்பக்கம் பட்டையாகத் தெரிந்தால், தைத்த பிறகும் தெரியும். பூத்துணியில் லைனிங் இல்லாத இடத்தில் சாயம் தளர்ந்து வெளிறித் தெரியும், டிம்அவுட் வைத்ததும் பூ அழுத்தமாக வரும், பின்னணி ஒரு மாற்று மங்கும். அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். தெருவைப் பார்க்கும் ஜன்னல்களுக்கெல்லாம் லைனிங் ஒரே வெள்ளையில் இருந்தால் வெளியிலிருந்து வீடு ஒரே சீராகத் தெரியும். ஒன்று பால்வெள்ளை, ஒன்று தந்தம் என்று கலந்தால் அது கண்ணை உறுத்தும்.

சமையலறை லினனின் ஒரு குணத்தை யாரும் சொல்லவில்லை. லினன் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். அதனால் அதையும் விறைப்பான லைனிங்கையும் சேர்த்துத் தைத்தால் இரண்டும் ஒரே நீளத்தில் நிற்காது. லைனிங் வேண்டாம் என்று தையல்மேசை சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஜன்னலோரம்:

கீழ் மடிப்பைத் தைத்துவிட்டு மாட்டுவதா, மாட்டிவிட்டுத் தைப்பதா?

தையல்மேசை:

லினனையும் பட்டையும் மாட்டிவிட்டுத்தான். மேலே டேப், பிளீட், பக்கத் தையல் எல்லாம் முடித்து, கீழே குண்டூசியால் மட்டும் மடித்து (பூச்சு இல்லாத துணி என்பதால் குண்டூசி பரவாயில்லை), மூன்று நான்கு நாள் தொங்கவிடுங்கள். துணி தன் எடைக்கு இறங்கி நிற்கும். பிறகு தரையிலிருந்து 1 செ.மீ. என்று ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் குறித்துக்கொண்டு இறக்கி, கை எம்மிங் போடுங்கள். தரையே மட்டமாக இல்லாத வீடுகள் நிறைய, ஒரு கோடியில் அளந்த எண்ணை மறு கோடிக்கு நம்ப வேண்டாம். லைனிங்கின் கீழ் மடிப்பை மேல்துணியோடு சேர்த்துத் தைக்காமல் தனியாகவே விடுங்கள், 30 செ.மீ.க்கு ஒரு இடத்தில் 2 செ.மீ. நூல் கண்ணியால் இரண்டையும் கோத்தால் போதும். பின்னால் ஒன்று சுருங்கினாலும் மற்றதை இழுக்காது. நான்கு கீழ் மூலையிலும் மடிப்புக்குள் ஒரு எடைத்தட்டு (கனத்துக்காக வைக்கும் சின்ன வட்டு), அதைச் சின்னத் துணிப்பைக்குள் போட்டு வையுங்கள், நேராக வைத்தால் பட்டில் அதன் வட்டம் பதிந்து தெரியும்.

சாம்பல் காட்டனையும் பிளாக்அவுட்டையும் நனைத்துச் சோதித்த பிறகு என்றால் கீழ் மடிப்பைத் தைத்தே மாட்டலாம், அவை இறங்காது.